ஒரு செட்டு என்றால் எத்தனை?

"ஆல் செட், ஷமீமா?" என்று போனில் கேட்டார் மெர்சி மேடம்.

ஆடிக் காற்று எங்கள் பட்டறையின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. நான் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மறு காதில் போனை அழுத்திப் பிடித்திருந்தேன். எதிரே மேஜையில் இருபது கப்பும் இருபது சாசரும் வரிசையாக இருந்தன. வெள்ளை வெளேரென்ற பீங்கான், விளிம்பில் மெல்லிய நீலக் கோடு. உடைந்தால் இருக்கட்டும் என்று கூடுதலாகப் பத்து. காலையில்தான் சூளையிலிருந்து இறக்கியிருந்தார்கள். தொட்டால் இன்னும் லேசாகச் சுட்டது.

"எஸ் மேடம். ஆல் செட்!" என்றேன்.

எல்லா செட்டும் தயாரா என்று அவர் கேட்டார், தயார் என்று நான் சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். போனை வைத்துவிட்டு, இங்கிலீஷில் பேசி முடித்த சந்தோஷத்தில் ஒரு டீ கூடக் குடித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். அந்த ஒரு நாளை இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே பாவமாக இருக்கிறது.

எனக்கு இங்கிலீஷ் தெரிந்த கதை

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பொம்மை, அகல் விளக்கு, பியூஸ் கட்டை என்று ஆளுக்கொன்று செய்வார்கள். நான் வேலை பார்த்தது நடேசன் அண்ணன் பட்டறையில். அவர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, வந்த தொகையில் இந்தப் பட்டறையைப் போட்டார். வயலில் இருந்த பம்புசெட்டை மட்டும் விட்டு வர மனசில்லாமல் கழற்றிக்கொண்டு வந்து, மண் கரைக்கிற தொட்டிக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்தார். அதற்கு அவரைத் தவிர யாரும் எண்ணெய் விடக்கூடாது.

என்னை வேலைக்கு எடுக்கும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியும்ணே."

பன்னிரண்டாம் வகுப்பில் இங்கிலீஷை இரண்டாவது தடவைதான் தாண்டினேன் என்பதை அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வானேன்?

அப்போது என் கணவர் சாதிக், வளைகுடாவுக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு பெரிய கடையின் கிடங்கில் வேலை. வீட்டில் நானும் அவருடைய அம்மாவான மாமியும் மட்டும். பகலெல்லாம் இரண்டு பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பதற்குப் பதில், ஒருத்தியாவது வெளியே போகலாமே என்றுதான் நான் வேலைக்குப் போனேன்.

பட்டறைக்கு வரும் மெயில்களைப் படித்துச் சொல்வது, பில் போடுவது, போன் எடுப்பது என் வேலை. வருகிற மெயிலில் பாதி தமிழிலேயே இருக்கும். மீதிக்கு 'ஓகே சார், தேங்க்யூ சார்' போதும். ஆறு மாதம் என் வண்டி அப்படியே ஓடியது.

பிறகு பாண்டிச்சேரியிலிருந்து மெர்சி மேடம் மெயில் அனுப்பினார். புதிதாக டீக்கடை திறக்கிறாராம். சாதாரண டீக்கடை இல்லை, மேஜை விரிப்பு போட்ட டீக்கடை. இருபது செட்டு வேண்டும் என்றிருந்தது. கூடவே ஒரு படம்.

"இருபதுதானா?" என்றார் நடேசன் அண்ணன்.

"மொதல்ல சின்னதா ஆரம்பிக்கறாங்க போலண்ணே."

"செட்டுன்னா கப்பும் சாசரும்தானே?"

"வேற என்னண்ணே?"

படத்தில் ஒரு மூக்கு வைத்த டீ பாட்டும், பால் ஜக்கும், சர்க்கரைக் கிண்ணமும் இருந்தன. இருந்தன, ஆனால் பக்கத்தில் ஒரு பூச்சாடியும் இருந்தது, பின்னால் ஜன்னல் திரையும் இருந்தது. அதையெல்லாமா செய்யச் சொல்கிறார்கள்? அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெயிலில் 'செட் ஆஃப் ஃபிஃப்டீன்' என்று ஒரு வரி இருந்தது. பதினைந்தாம் தேதிக்குள் தயாராக இருக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன். கடை திறப்பு பதினேழு, வெள்ளிக்கிழமை. இரண்டு நாள் முன்னாலேயே கேட்கிறார், விவரமான பெண்மணி என்று அண்ணனிடம் பாராட்டியும் வைத்தேன்.

எங்கள் ஊரில் ஓடும் செட்டுகள்

என்னை முட்டாள் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், வாசகர்கள் கொஞ்சம் என் பக்கமும் பார்க்க வேண்டும். அந்தச் சொல் எங்கள் பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை வேஷம் போட்டது தெரியுமா?

காலையில் போனதும் நடேசன் அண்ணன் "செட்டைத் தொற" என்பார். அது ஷெட். எங்கள் வாயில் நுழைந்ததும் அதுவும் செட்டு ஆகிவிட்டது. பிறகு "செட்டைப் போடு" என்பார். அது பம்புசெட்டு. பத்து மணிக்கு வள்ளி அக்கா, "யாரும் தொடாதீங்க, இன்னும் செட் ஆகல" என்று கத்துவார். அது அச்சு.

வள்ளி அக்காதான் எங்கள் பட்டறைக்கு அச்சு செய்பவர். வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. கூழ் கெட்டியாகும்போது உள்ளே சூடு கிளம்பும். அந்தச் சூடு ஏறி இறங்கினால்தான் அச்சு செட் ஆனது என்று அர்த்தம்.

மதியம் பக்கத்து ஓட்டலில் செட் தோசை. அதில் இரண்டு. அண்ணனுக்குப் பல்செட்டு. அதில் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. "அவன் நம்ம செட்டு" என்றால் கூட்டாளி. வரன் பார்த்துவிட்டு வந்தவர்கள் "செட் ஆகல" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆக, ஒரு செட்டு என்றால் எத்தனை என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு பதில் கிடையாது.

இந்த விவகாரமெல்லாம் முடிந்த பிறகு, நூலகத்துக்குப் போய் பெரிய இங்கிலீஷ் அகராதியை இறக்கி வைத்துப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பத் திருப்ப 'செட்' தீரவில்லை. தங்கள் மொழியிலேயே அதிக அர்த்தம் உள்ள சொற்களில் இதுவும் ஒன்று என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு என் மனசு கொஞ்சம் ஆறியது.

உண்மையில் அது ஒரு சொல்லே இல்லை, இரண்டு சொல். முதலாவது அவர்களின் பழைய பாஷையில் பிறந்தது. உட்கார் என்பதற்கு 'சிட்' என்றால், உட்கார வை என்பதற்கு 'செட்'. நாம் திரும்பு, திருப்பு என்கிறோமே, ஒன்று தானாகச் செய்வது, மற்றது செய்ய வைப்பது, அதே உறவு. வள்ளி அக்காவின் அச்சு இந்தக் குடும்பம். இரண்டாவது, லத்தீனில் பின்தொடர்வதைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவர் பின்னால் போகிறவர்களின் கூட்டம் என்று ஆரம்பித்து, வெறும் கூட்டம் என்று ஆனது. மெர்சி மேடத்தின் கப்பு சாசர்கள் இந்தக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டவை. எங்கெங்கோ பிறந்த இரண்டும் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவர்கள் நாட்டிலேயே இந்தக் குழப்பம் என்றால், விருத்தாசலத்துக்கு வந்து சேரும்போது கேட்கவா வேண்டும்?

தட்டில் ஒரு வட்டம்

புதன்கிழமை மத்தியானம் மெர்சி மேடம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மரத்தட்டு. அதில் ஆறு சின்ன வட்டப் பள்ளம், இரண்டு நடுத்தரம், நடுவில் பெரிதாக ஒன்று. தச்சரிடம் சொல்லிச் செய்தது போல. கீழே இங்கிலீஷில் ஒரு வரி. 'டீ பாட் இதில் உட்காருமா?'

பழைய மெயிலைத் திறந்து படத்தை மறுபடி பார்த்தேன். டீ பாட் ஒன்று, ஜக்கு ஒன்று, கிண்ணம் ஒன்று, கப்பு ஆறு, சாசர் ஆறு. விரல் விட்டுக் கூட்டினேன். பதினைந்து. 'செட் ஆஃப் ஃபிஃப்டீன்'.

நடேசன் அண்ணனிடம் போய் நின்றேன்.

"என்னம்மா, மூஞ்சி இப்படி இருக்குது?"

"அண்ணே, ஒரு செட்டுக்கு பதினஞ்சு உருப்படியாம்."

"எந்தச் செட்டுக்கு?"

சொன்னேன். தேதி என்று நினைத்ததையும் சொன்னேன். நேற்று 'ஆல் செட்' என்றதையும் சொன்னேன். அவர் பல்செட்டைக் கழற்றி, தண்ணீரில் அலசி, மறுபடி மாட்டிக்கொண்டார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் செய்வார். அந்த நேரத்தில் பேச முடியாதல்லவா?

"வள்ளி, மூக்கு வெச்ச டீ பாட்டு எத்தன நாள்ல வரும்?"

வள்ளி அக்கா கையிலிருந்த மாவைத் துடைத்தார். "அச்சு செய்யணும், அச்சு காயணும். மண்ணு ஊத்தணும், அதுவும் காயணும். ரெண்டு தரம் சுடணும். மூணு வாரம் ஆகும்ணே. மூக்கு ஒழுகாம வரணும்னா நாலு."

நாளைக் கழித்தால் வெள்ளிக்கிழமை.

"போன் போட்டுச் சொல்லிடு" என்றார் அண்ணன்.

"இதை இங்கிலீஷ்ல சொல்ல எனக்கு வராதுண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது. "எனக்கு இங்கிலீஷே அவ்ளோவா வராதுண்ணே."

அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். "அது எனக்கு மூணாவது மாசமே தெரியும். எல்லாத்துக்கும் தேங்க்யூ சொல்ற. ஒருத்தன் சரக்கு ஒடைஞ்சி வந்துச்சுன்னு திட்டி எழுதுனான், அதுக்கும் தேங்க்யூ போட்ட." பிறகு மெதுவாகச் சொன்னார். "நேர்ல போயிட்டு வா. இருக்கறத எடுத்துக்கிட்டுப் போ. நேர்ல போனா, திட்டுனாலும் தமிழ்ல திட்டுவாங்க."

அன்று சாயங்காலம் சாதிக்கிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வரும். "ஷமீமா, இங்க எனக்கு செட் ஆவல." பின்னால் யாரோ வேறு பாஷையில் பேசும் சத்தம். நான் வழக்கமாக அனுப்பும் பதிலையே அனுப்பினேன். "எல்லாருக்கும் மொதல்ல அப்படித்தாங்க. போகப்போக செட் ஆயிடும்."

மெர்சி மேடத்தின் தமிழ்

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். முப்பது கப்பும் முப்பது சாசரும் வைக்கோல் சுற்றி இரண்டு அட்டைப்பெட்டியில். கடலூரில் பஸ் மாறும்போது கண்டக்டர் கேட்டார், "உள்ள என்னம்மா?"

"பீங்கானுங்க."

"அப்போ நீங்க மடியில வெச்சுக்குங்க, நா ஒடச்சேன்னு சொல்லாதீங்க."

வழியெல்லாம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டே போனேன். 'ஐ ஆம் வெரி சாரி மேடம்' வரைக்கும் சரளமாக வந்தது. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் தமிழில்தான் இருந்தது.

கடை சின்னதுதான். புது சுண்ணாம்பு வாசனை. மேஜைகள் மேல் இஸ்திரி போட்ட விரிப்பு. மெர்சி மேடம் என் அம்மா வயதுக்காரர், குள்ளமாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் வேலைக்காரம்மா என்று நினைத்துவிட்டேன்.

"ஐ ஆம் வெரி சாரி மேடம்" என்று ஆரம்பித்து, நின்றேன். பிறகு தமிழில் கொட்டினேன். தேதி, பூச்சாடி, 'ஆல் செட்' எதையும் விடவில்லை.

அவர் மாப்புக் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமே நீ. செட்டுன்னா என்னங்கன்னு ஒரு வார்த்தை."

"கேட்டா தெரியாதுன்னு ஆயிடுமேன்னு..."

"நா எத்தன பேர கூப்புட்டிருக்கேன் தெரியுமா? அந்த டீ பாட்டுக்காகத்தான் இந்தக் கடையே."

அவர் வெளிநாட்டில் ஒரு வீட்டில் பல வருஷம் சமையல் வேலை பார்த்தவர். அந்த வீட்டில் அப்படி ஒரு செட் இருந்ததாம். "தெனம் நாலு மணிக்கு அதுல டீ போட்டு எடுத்துக்கிட்டுப் போவேன். அப்புறம் கழுவி, தொடச்சி, அலமாரில வெப்பேன். ஒரு நா கூட அதுல குடிச்சதில்ல. எனக்கு ஸ்டீல் டம்ளரு. ஊருக்குப் போனா அதுமாரி செட்ல நாமும் குடிக்கணும், நம்ம ஜனங்களுக்கும் குடுக்கணும்னு..." கையை விரித்தார். "வெலையப் பாத்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். பதினஞ்சு உருப்படி இந்த வெலைக்கான்னு. விருத்தாசலத்துல சல்லிசு போலன்னு நெனச்சேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். "மேடம், நீங்க இவ்ளோ நல்லாத் தமிழ் பேசறீங்களே. ஏன் போன்ல இங்கிலீஷ்லயே பேசுனீங்க?"

"நீதானே மொதல்ல குட் மார்னிங் சொன்ன? பெரிய கம்பெனி போல, தமிழ்ல பேசுனா மதிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். ஒவ்வொரு தடவையும் எழுதி வெச்சுக்கிட்டுத்தான் போன் போடுவேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது யார் என்று இப்போது நினைவில்லை.

பெட்டியைப் பிரித்தார். ஒரு கப்பை எடுத்து, வைக்கோலை ஊதிவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றார். "சரி, முப்பது கப்புல நாளைக்கு ஒப்பேத்தணும். கழுவக் கழுவ குடுக்கணும். கழுவ ஆளு?"

"நா இருக்கேன்" என்றேன்.

மாமிக்குப் போன் செய்துவிட்டு, அன்று அவர் வீட்டிலேயே தங்கினேன்.

வெள்ளிக்கிழமை

காலை பத்து மணிக்கு விளக்கேற்றினார்கள். முதல் கப்பில் டீ ஊற்றி மெர்சி மேடத்திடமே கொடுத்தேன். எல்லாரும் பார்க்க, நின்றபடியே முழுசாகக் குடித்து முடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. பிறகுதான் மற்றவர்களுக்கு.

மத்தியானம் வரைக்கும் நான் கழுவிய கப்புகளுக்குக் கணக்கில்லை. பின்கட்டில் ஒரு அண்டா தண்ணீர், சோப்பு நுரை, என் முழங்கை வரைக்கும் ஈரம். கப்பு போகும், வரும், மறுபடி போகும். வந்தவர்களில் ஒருவர்கூட டீ பாட் எங்கே என்று கேட்கவில்லை. மரத்தட்டுகளில் முறுக்கும் பிஸ்கட்டும் வைத்து ஒப்பேற்றிவிட்டார் மேடம். ஒரு கப்பின் பிடி உடைந்தது. அது என்னால்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உட்கார்ந்தபோது விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய் இருந்தது. சாதிக்குக்கு வெள்ளிக்கிழமை லீவு. போன் போட்டேன். மெயிலில் ஆரம்பித்து அண்டா வரைக்கும் முழுக் கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஒரு சொல்லின் அர்த்தத்தைக் கேட்காததால் வந்த வினையை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக இவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நான் ஒரு தடவைகூட அதன் அர்த்தத்தைக் கேட்டதில்லை.

"என்னங்க, செட் ஆவலைன்னு சொல்றீங்களே. அப்படின்னா என்னங்க?"

"வேலை கஷ்டமில்ல ஷமீமா. சாப்பாடும் பரவாயில்ல. ரூம்ல எட்டுப் பேரு, யாருக்கும் யார் பாஷையும் தெரியாது. கெடங்குல காலைலேருந்து பெட்டிதான். ஒரு நாளு என் குரல் கேக்கணும்னு நானே பெட்டிமேல எழுதியிருக்கறத சத்தமா படிச்சேன். தலைமாட்டுல வெச்ச பைய இன்னும் பிரிக்கல. பிரிச்சா இங்கயே இருந்துடுவேனோன்னு பயமா இருக்குது."

பக்கத்தில் திருச்சி பஸ்ஸுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வந்துடுங்க" என்றேன்.

"அம்மா என்ன சொல்லும்? மாமா, சச்சா எல்லாம் இங்க இருவது வருஷம் இருந்தவங்க. நா ஒரு வருஷம்கூட இல்லன்னா..."

"மாமிகிட்ட நா பேசிக்கறேன்."

வீட்டுக்குப் போய், பயந்துகொண்டேதான் பேச்சை எடுத்தேன். மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஒனக்கு இப்பதான் தெரியுமா? சாப்பிட்டியான்னு கேட்டா சாப்பிட்டேம்மான்றான், என்ன சாப்பிட்டேன்னு சொல்ல மாட்றான். சின்னதுல ஆஸ்டல்ல விட்டப்பவும் அப்படித்தான். நீ ஏதாவது சொல்லுவேன்னு நானு, நா ஏதாவது சொல்லுவேன்னு நீயி." கத்தியைக் கீழே வைத்தார். "வரச் சொல்லு."

ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு நாலு மாதத்தில் வந்தார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாமியே பதில் சொன்னார், "நாந்தான் கூப்ட்டுக்கிட்டேன்" என்று. கொஞ்ச நாள் சாதிக் சும்மா இருந்தார். பிறகு ஒரு பழைய லோடு வண்டி வாங்கி, பட்டறைகளின் சரக்கை வெளியூருக்கு ஏற்றிப்போக ஆரம்பித்தார்.

மூக்கு வைத்த பாட்

வள்ளி அக்காவின் டீ பாட் சரியாக வர நாலு வாரம் இல்லை, ஏழு வாரம் ஆனது. முதல் சூளையில் வந்ததெல்லாம் மூக்கு கோணிப்போய், யாரையோ பழிப்பது மாதிரி இருந்தன. இருபது செட்டும் போய்ச் சேர்ந்த பிறகு, மெர்சி மேடம் இன்னும் பத்துக்குச் சொன்னார். இந்தத் தடவை தமிழில்தான் பேசினோம். ஒவ்வொரு உருப்படியையும் பேர் சொல்லி எண்ணி, இரண்டு தடவை ஒப்பித்துக்கொண்டோம். அந்தப் பத்தை ஏற்றிக்கொண்டு போனது சாதிக்கின் வண்டி. நானும் கூடப் போனேன்.

பெட்டிகளை இறக்கியதும் மேடம் எங்களை ஜன்னலோரம் உட்கார வைத்தார். தட்டில் முழு செட்டும் வந்தது. அவரே வந்து, டீ பாட்டைச் சாய்த்து, சாதிக்கின் கப்பில் டீயை ஊற்றினார். பிறகு ஜக்கிலிருந்து பால். கிண்ணத்திலிருந்து சர்க்கரை. மூக்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சாதிக் மரியாதையாக இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கப்பைச் சாசரில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பாட்டைப் பார்த்தார், ஜக்கைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

"டீ ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார் மேடத்திடம். "இதெல்லாம் எதுக்குங்க, அலைச்சலு? ஒரு கிளாஸ்ல கலக்கி, நெறையா குடுத்துடலாமே."